ஒரு நாள் காரை

நொய்யல் கரையில், கொடுமணலுக்கு மேற்கே
பெயர்ப்பலகை இல்லாத நிறுத்தத்தில் இறங்கினால்
புதுக் கோயில்.
பலிபீடத்துக்குப் பின்னே இருபது அடிக்கு வெறும் சுவர்.
"இங்கே மாதா நிற்கணும், நீலப் போர்வையில்"
என்றார் பங்குச்சாமி. ரோமில் படித்தவர்.
கைபேசியில் ஐந்நூறு சுவர்களைச் சேர்த்து வைத்திருந்தார்.

நான் சாயப்பட்டறையில் நிறம் பார்க்கிறவன்.
வெளிநாட்டான் அனுப்பும் விரல்நீளத் துணியைப் பார்த்து
எத்தனை கிராம் சிவப்பு, எத்தனை கிராம் மஞ்சள் என்று
கண்ணாலேயே சொல்லிவிடுவேன்.
பட்டறைக்குச் சீல் வைத்து ஏழு மாதம்.
சாமி படம் எழுத வருமா என்று கேட்டபோது
வாடகை பாக்கிதான் "வருமுங்க" என்றது.

சுண்ணாம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
கொத்தனார் இன்னாசி சொன்னது.
"ஈரமா இருக்கறப்பவே எழுதிப்போடோணுமுங்க.
காஞ்சுதுன்னா செவுரு வாயை மூடிக்கும்."
ஆகவே ஒரு நாளில் எவ்வளவு எழுத முடியுமோ
அவ்வளவுக்குத்தான் காரை.
அங்கேயும் அப்படித்தான் என்றார் சாமி,
ஒரு முகத்துக்கு ஒரு நாள், ஒரு வானத்துக்கு ஒரு நாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
திருப்பூரில் ஒரே நாளில்
எட்டு டன் வானம் தள்ளியிருக்கிறேன்.

முதல் வாரம் பட்டறை நீலத்தை வைத்தேன்.
ஐம்பது சலவைக்கு அசையாத நீலம்.
நான்காம் நாள் சாம்பல்.
பத்தாம் நாள் சுண்ணாம்பு ஏப்பம் விட்டது.

மண் மட்டும் நின்றது.
சென்னிமலைப் பக்கத்துச் செம்மண்,
காங்கேயம் ரோட்டில் வாய்க்கால் வெட்டிய மஞ்சள் மண்,
டீக்கடை அடுப்பின் கரி.

சாமி படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.
அங்கேயும் நீலம் ஒண்டுக்குடித்தனம்தான்.
காரை உலர்ந்தபின் முட்டையோ பசையோ கலந்து
மேலே ஒட்டிவைப்பார்கள். கொஞ்ச காலத்தில் உதிரும்.
முகம் இருக்கிறது, விரல் இருக்கிறது,
போர்வை இருந்த இடத்தில்
அடியில் பூசிய செம்பழுப்பு.
தங்க விலைக்கு வாங்கியது போய்
கூடை மண் நிற்கிற சுவர்கள்.

இன்னொரு படம், எல்லாவற்றுக்கும் பழையது.
ரோமுக்கு அடியில், பிணங்களுக்கு நடுவே
விளக்கு வெளிச்சத்தில் எழுதிய மேய்ப்பன்.
மீசை முளைக்காத பையன், கழுத்தைச் சுற்றி ஆடு.
கொறங்காட்டுப் படலைத் திறந்துவிட்டு
பீடி தேடுகிறவன் மாதிரி ஒரு நிற்பு.
எழுதியவனுக்கு என்ன அவசரமோ,
நாலு கோடு, ஒரு சிவப்பு.
இன்னும் நிற்கிறான்.

படியூர்க் கிணறுகளில் எடுத்த கடல்நிறக் கல்
ரோமாபுரிக்குக் கப்பலேறியதாம்.
பதிலுக்கு வந்த காசு
ராஜா தலையோடு உழவில் புரளும்.
நீலத்தைக் கொடுத்து
முகம் வாங்கிய ஊர் இது.

பங்குப் பேரவை கூடியது.
"மாதாவுக்கு மண்ணு கலருங்களா?" என்றார் அமலதாஸ்,
கையில் எனாமல் டப்பாவோடு.
நீலமே வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்,
முட்டையில் குழைத்து, கடைசி நாளில்.

அதற்கு முந்தைய நாள்
தோளிலிருந்து முழங்கால் வரை
ஈரக்காரை இழுத்துக் கொடுத்தார் இன்னாசி.
விடியற்காலை நாலரைக்குத் தொடங்கினேன்.
செம்மண்ணில் சேலை.
சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கட்டம் போட்டது,
கை இரண்டு மடிப்பு,
மேல் பொத்தான் இல்லாமல் ஊக்கு.
உலர்த்தும் களத்தில் நூல் உதறுகிற செலின்மேரியும்
பாவாத்தாளும் போட்டு வருகிற சட்டை.
பையில் மடித்த பஸ் டிக்கெட் ஒன்று.
அதற்கு மட்டும் அரைமணி நேரம் ஆனது.

இன்னாசி கீழிருந்து பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஓரம் காய்கிறது என்று
தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

திருவிழாவில் எல்லாருக்கும் திருப்தி.
நீலம் அப்படி ஒரு நீலம்.
மறுநாள் கூட்டுகிற பெண்
பீடத்துக்குப் பின்னால்
உளுந்தளவு நீலச் செதில் ஒன்றை
முறத்தில் அள்ளிப் போனதைப் பார்த்தேன்.